குனிந்து பார், நிமிர்ந்து ஆடு!

டிவியில் ஆடும் வீடியோ கேமுக்குக் கையடக்கக் கருவி ஒன்றை மாட்டி, அதையே கன்ட்ரோலராகவும் இரண்டாவது திரையாகவும் வைத்துக்கொள்வது பற்றிப் போன முறை போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். தபால் பிதுங்கிவிட்டது. ஆகவே இந்தத் தடவை அரசியல், சினிமா, மாமியார் கேள்விகளுக்கு விடுமுறை.

? சுவரளவுக்கு டிவி இருக்கிறது. கையில் இன்னொரு குட்டித் திரை எதற்கு?
— மூக்குக்கண்ணாடிக்காரர், சேலம்

ரம்மி ஆடும்போது உங்கள் பதிமூன்று சீட்டையும் மேஜையில் மல்லாத்தி வைத்துவிட்டா ஆடுகிறீர்கள்? டிவி பொதுச்சொத்து. அதில் தெரிவது அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கையில் இருப்பது உங்களுக்கு மட்டும்.

ஒளிக்க ஏதாவது இருந்தால் இரண்டாவது திரைக்கு உத்தியோகம் உண்டு. இல்லாவிட்டால் அது பேட்டரிக்குப் பிடித்த கேடு.

? இந்த வேலையை முதலில் உருப்படியாகச் செய்தது நிண்டெண்டோவா, சோனியா?
— பந்தயம் கட்டியவர், கரூர்

இரண்டு பேரும் தோற்றீர்கள். சேகா. 1998 நவம்பரில் ஜப்பானில் ட்ரீம்காஸ்ட் வந்தது. அதன் மெமரி கார்டுக்குப் பெயர் விஎம்யூ. கார்டிலேயே ஒரு திரை, திசைப் பொத்தான், ஸ்பீக்கர். கன்ட்ரோலரில் செருகினால் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும். பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டால் தனி விளையாட்டுப் பொருள்.

திரை 48-க்கு 32 புள்ளி, மொத்தம் 1536. இன்றைய செல்போனில் ஓர் இமோஜி சிரிப்பதற்கே அதைவிட அதிகம் செலவாகிறது.

? அந்தத் தம்மாத்தூண்டு திரையில் என்னத்தைப் பார்ப்பது?
— அதே பந்தயக்காரர்

என்எஃப்எல் 2கே என்றொரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அடுத்த வியூகம் என்ன என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது எதிராளி அதே சோஃபாவில் உட்கார்ந்திருப்பான். டிவியில் தேர்ந்தெடுத்தால் ஓரக்கண்ணால் பார்த்துவிடுவான். விஎம்யூவில் தேர்ந்தெடுத்தால் அவனுக்கு உங்கள் மோவாய் மட்டும் தெரியும். 1536 புள்ளியில் இதைவிட அழகான வேலை யாரும் வாங்கியதில்லை என்பேன்.

ரெசிடென்ட் ஈவில் கோட்: வெரோனிகாவில் உங்கள் உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். ஜோம்பி கடித்தது கடிபட்டவனுக்கே தெரியாதா என்று கேட்காதீர்கள்.

? பழைய ட்ரீம்காஸ்ட் ஒன்று வாங்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் 'பீஈஈப்' என்று ஓலமிடுகிறது. முன்பு வைத்திருந்தவர் ஏதாவது...?
— பயந்தாங்கொள்ளி, நாகர்கோவில்

அவர் சௌக்கியமாக இருக்கட்டும். விஎம்யூவில் இரண்டு சிஆர்2032 பொத்தான் செல்கள் உண்டு. அவை தீர்ந்துவிட்டால் கன்சோலைப் போடும்போதெல்லாம் ஒப்பாரி வைக்கும். சேமித்த ஆட்டம் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அழியாது. செல்லை மாற்றுங்கள், பூசாரி செலவு மிச்சம்.

? சோனி அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததா?

1999 ஜனவரியில் பாக்கெட்ஸ்டேஷனை இறக்கியது. 32-க்கு 32 புள்ளி. ஜப்பான் எல்லையைத் தாண்டவே இல்லை. பாஸ்போர்ட் எடுக்காமலே ரிட்டையர் ஆன ஜீவன்.

? கேம்க்யூபில் கேம் பாய் அட்வான்ஸை மாட்டி ஆடலாமாமே? கொஞ்சம் விளக்கவும்.
— பொறியியல் மாணவி, கோவை

2001-இல் நிண்டெண்டோ மார்ச்சில் கையடக்கமான கேம் பாய் அட்வான்ஸையும் (சுருக்கமாக ஜிபிஏ), செப்டம்பரில் வீட்டுக் கன்சோலான கேம்க்யூபையும் ஜப்பானில் வெளியிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள் போட்டது. ஒரு முனை ஜிபிஏவின் உச்சந்தலையில். மறுமுனை கேம்க்யூபில் கன்ட்ரோலர் செருகும் ஓட்டையில். ஓட்டை நான்கு, ஆகவே ஜிபிஏவும் நான்கு வரை போகலாம்.

அழகு எங்கே என்றால், ஜிபிஏவில் கார்ட்ரிட்ஜே வேண்டாம். கேம்க்யூப் ஒரு குட்டி நிரலைக் கேபிள் வழியே அனுப்பும். அது ஜிபிஏவின் 256 கிலோபைட் நினைவகத்தில் குடியேறி ஓடும். அணைத்தால் மாயம். வாடகை பாக்கி கிடையாது.

? அப்படி வந்ததில் நம்பர் ஒன் எது? மழுப்பாமல் ஒரே பெயர் சொல்லவும்.
— கறார் பேர்வழி, மதுரை

பேக்மேன் வெர்சஸ், 2003. மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவின் கைவண்ணம். வெளியிட்டது நாம்கோ.

ஆட்டத்துக்கு நான்கு பேர். ஒருவர் பேக்மேன், கையில் ஜிபிஏ. சந்துபொந்து மொத்தமும், பேய்கள் எங்கே நிற்கின்றன என்பதும் அவருக்குத் தெரியும். மற்ற மூவரும் பேய்கள். டிவியைப் பார்த்துத் துரத்த வேண்டும், ஆனால் ஒவ்வொரு பேய்க்கும் தன்னைச் சுற்றி நாலடி தூரம்தான் தெரியும்.

எனவே பேய்கள் கத்தியாக வேண்டும். "மேலே போறான், மேலே போறான்! நீ அந்தப் பக்கம் மடக்குடா!" பேக்மேன்காரர் மூலையில் குனிந்தபடி புள்ளி தின்றுகொண்டிருப்பார். முகத்தில் சலனம் கூடாது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் பேய் பக்கத்துச் சந்தில் இருக்கிறது என்று அர்த்தம். அனுபவசாலிப் பேய்கள் டிவியைப் பார்ப்பதே இல்லை, அவர் மூஞ்சியைத்தான் பார்க்கும்.

இன்னொரு விதி இருக்கிறது. பிடித்த பேய்க்குத்தான் அடுத்த பேக்மேன் பதவி. ஜிபிஏவைக் கைமாற்ற வேண்டும். அதுவரை தோளோடு தோள் நின்ற மூன்று பேயும் கடைசி நொடியில் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளும். கூட்டணி தர்மம் படிக்க இதைவிட மலிவான பாடப்புத்தகம் கிடையாது. போதாக்குறைக்கு வர்ணனை செய்வது மரியோ.

? இவ்வளவு நல்ல ஆட்டம் ஏன் சக்கைப்போடு போடவில்லை?
— அதே கறார்

தனியாக விலை போட்டு விற்கவே துணியவில்லை. ஆர்: ரேசிங் எவல்யூஷன் மாதிரி வேறு ஆட்டங்களோடு இலவச இணைப்பாகக் கொடுத்தார்கள். ஓசியில் வந்த வைரத்தை எவன் உரசிப் பார்த்தான்?

? நால்வர் ஆட வேண்டுமென்றால் என்ன செலவாகும்?
— மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பேக்மேனுக்கு ஒரு ஜிபிஏ, ஒரு கேபிள் போதும். ஃபைனல் ஃபேன்டஸி: கிரிஸ்டல் கிரானிக்கிள்ஸுக்குத்தான் ஆளுக்கு ஒன்று. இருவராக ஆடினாலும் இரண்டு ஜிபிஏ, இரண்டு கேபிள் கட்டாயம்.

2003 செப்டம்பரில் அமெரிக்காவில் கேம்க்யூப் விலையை 99 டாலராகக் குறைத்தார்கள். அப்போது மடக்கு மாடலான ஜிபிஏ எஸ்பியின் விலையும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது ஒரு கன்சோலுக்கு, கன்சோல் விலையில் நான்கு கன்ட்ரோலர்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

? அவ்வளவு செலவழித்து அந்தக் கிரிஸ்டல் ஆட்டத்தில் என்ன சுகம்?
— அதே கடைக்காரர், பெருமூச்சுடன்

நால்வர் ஒரு விஷக்காற்றுப் பிரதேசத்தில் போகிறார்கள். ஒருவர் பாத்திரம் ஒன்றைத் தூக்கி வர வேண்டும். அதைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் இருக்கும்வரைதான் உயிர். அவரவர் ஜிபிஏவில் வேறு வேறு சேதி வரும். ஒருவருக்கு வரைபடம், ஒருவருக்கு அரக்கர் நிற்கும் இடம், இன்னொருவருக்குப் புதையல். வாய் திறந்து பகிர்ந்தால்தான் கதை நகரும்.

இதுவரை குடும்பப் படம். இப்போது வில்லன்: ஒவ்வொருவர் ஜிபிஏவிலும் ஒரு ரகசிய நிபந்தனை வரும். அதை நன்றாக நிறைவேற்றியவருக்குக் கடைசியில் பரிசுப் பொருளை முதலில் எடுக்கும் உரிமை. வைத்தியம் பார்க்க வேண்டியவன் ஏன் ஓடிப்போய் அடி வாங்குகிறான் என்று நீங்கள் தலையைச் சொறிவீர்கள். அவனுக்குக் கிடைத்த நிபந்தனையே அடி வாங்குவதாக இருக்கலாம்.

? 2020-இல் அதைப் புதுப்பித்து விட்டார்களே. ஜிபிஏ தொல்லை இல்லாமல் ஆடலாமே?

ஆடலாம். ஒரே சோஃபாவில் உட்கார்ந்து ஆடும் வசதியையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். தலைவலி போயிற்று, தலையோடு.

? செல்டா ரசிகனுக்கு ஏதாவது உண்டா, மாமா?
— பத்தாம் வகுப்பு, படிக்கும் நேரத்தில்

முதலில் கணக்கு நோட்டை மூடாமல் வை. செல்டாவில் ஃபோர் ஸ்வோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸ், 2004. கதாநாயகன் லிங்க் பச்சை, சிவப்பு, நீலம், ஊதா என்று நான்கு பேராகி டிவியில் திரிவான். நீ ஒரு குகைக்குள் நுழைந்தால் டிவியிலிருந்து மறைந்து உன் ஜிபிஏவில் முளைப்பாய். உள்ளே என்ன சுருட்டினாய் என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. வெளியே வந்து "ஒண்ணுமே இல்லடா" என்று நீ சொல்கிற பொய்யும் ஆட்டத்தில் சேர்த்தி.

? மேலும் கீழும் பார்த்துக் கழுத்து சுளுக்காதா?
— பிசியோதெரபி மாணவர், திருச்சி

வாடிக்கையாளர் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. கழுத்தைவிடக் கண்ணுக்குத்தான் பாடு. டிவி பத்தடியில், கருவி ஓரடியில். ஒவ்வொரு முறையும் பார்வை இடம் மாறிச் சமாளிப்பதற்குள் டிவியில் ஒருவன் கத்தியோடு வந்துவிடுவான்.

மேலே சொன்ன செல்டாவில் இதற்கு வழி செய்திருந்தார்கள். நீங்கள் கீழே பார்க்கும்போது டிவியில் நீங்களே கிடையாது. குத்துவதற்கு ஆள் இல்லை. மட்டமான ஆட்டங்களில் டிவியிலும் நீங்கள், கையிலும் நீங்கள். இரண்டு இடத்திலும் உதை.

இன்னொன்று, முதல் ஜிபிஏவுக்குத் திரை விளக்கே கிடையாது. டிவி பார்க்க அறையை இருட்டாக்கினால் கையில் இருப்பது கறுப்புப் பலகை.

? என் தம்பியை ஆட்டத்தில் சேர்த்த மாதிரியும் இருக்க வேண்டும், சேர்க்காத மாதிரியும் இருக்க வேண்டும்.
— அக்கா, பாண்டிச்சேரி

ராஜதந்திரி! செல்டா விண்ட் வேக்கரில் 'டிங்கிள் ட்யூனர்' என்று ஒன்று. நீங்கள் டிவியில் லிங்க்காகச் சாகசம் செய்வீர்கள். தம்பி ஜிபிஏவில் டிங்கிள் என்ற கதாபாத்திரமாக வரைபடம் பார்த்து வழி சொல்வான், மேலிருந்து குண்டு போடுவான், மருந்து கொடுப்பான். எல்லாவற்றுக்கும் ஆட்டத்தில் நீங்கள் சேர்த்த ரூப்பிக் காசு கழியும். தம்பிகள் இயல்பாகச் செய்வதைத்தான் ஆட்டமாக்கியிருக்கிறார்கள்.

? படம் பிந்தி வரும் இந்த 'லேக்' சமாசாரம் ஜிபிஏ காலத்தில் ஏன் இல்லை?
— வைஃபையால் வாடியவர், ஓசூர்

ஜிபிஏ தன் பங்கு ஆட்டத்தைத் தானே ஓட்டியது. கேபிளில் போய்வந்தது துளித்துளித் தகவல், படம் அல்ல. பின்னால் வந்த நிண்டெண்டோ கன்சோலான வீ யூவில், கன்சோலே படத்தைத் தயாரித்து, சுருக்கி, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நேராகக் கையில் இருக்கும் கேம்பேடுக்கு வீசியது. நடுவில் ரூட்டர் என்ற தரகர் இல்லாததால் தாமதம் தெரியவில்லை.

பிளேஸ்டேஷன் ஆட்டத்தை வேறு திரைக்கு அனுப்பும் ரிமோட் பிளே உங்கள் வீட்டு வைஃபையை நம்பி வருகிறது. அதே வைஃபையில் அப்பா கிரிக்கெட் பார்க்கிறார். யாருக்கு விக்கெட் என்று உங்களுக்கே தெரியும்.

? வீ யூ ஏன் ஊத்திக்கொண்டது?
— நிண்டெண்டோ பக்தர், சென்னை

2012 நவம்பரில் வந்தது. 6.2 அங்குலத் திரையுள்ள கேம்பேட் பெட்டியோடு கிடைத்தது. கேபிள் செலவு, தனிக் கருவிச் செலவு இரண்டும் காலி. நல்ல ஆரம்பம்.

கூடவே வந்த நிண்டெண்டோ லேண்டில் 'மரியோ சேஸ்' இருந்தது. கேம்பேட்காரர் ஓடுவார், டிவிக்காரர்கள் துரத்துவார்கள். பேக்மேன் வெர்சஸுக்கு மீசை வைத்த பிள்ளை. 'லூய்ஜி கோஸ்ட் மேன்ஷ'னில் பேய் கேம்பேடில் மட்டும் தெரியும். டிவியில் வெறும் இருட்டு, நால்வர் டார்ச் அடித்துக்கொண்டு. பேய் பின்னால் வரும்போது கையில் ரிமோட் அதிரும், அவ்வளவுதான் துப்பு. அட்டகாசம்.

அப்புறம் ஆட்டம் தயாரித்த பலர் கேம்பேடில் ஒரு வரைபடத்தை ஒட்டிவிட்டுக் கையைக் கழுவினார்கள். பார்ட்னருக்குத் தெரியக்கூடாத வரைபடம் என்றால் சரி, தனியாக ஆடுகிறவன் யாரிடமிருந்து ஒளிப்பான்? இரண்டு கேம்பேட் மாட்டலாம் என்றும் 2012-இல் அறிவித்தார்கள். அதற்கு ஓர் ஆட்டம்கூட வரவில்லை. தேர்தல் அறிக்கை தயாரித்தவர்கள் யாரோ உள்ளே இருந்திருக்கிறார்கள். மொத்த விற்பனை சுமார் 1.36 கோடி. அவர்களின் கையடக்கமான 3டிஎஸ் மொத்தத்தில் ஏழரைக் கோடியைத் தாண்டியது.

? வாங்கியவர்கள் கேம்பேடை எதற்குத்தான் பயன்படுத்தினார்கள்?

டிவியை வீட்டார் பிடுங்கிக்கொண்டபோது கட்டிலில் படுத்து ஆட. அதுவும் கன்சோலை விட்டு இரண்டு அறை தள்ளிப் போனால் படம் போய்விடும், மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் பேட்டரியும் போய்விடும். கயிறு கட்டிய கன்றுக்குட்டி. 2017-இல் கயிற்றை அறுத்து ஸ்விட்ச் என்று விட்டார்கள். இன்றுவரை 15 கோடிக்கு மேல் ஓடிவிட்டது.

? ஸ்விட்சில் இரண்டு திரையும் ஒரே நேரத்தில் எரியுமா?

டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் கையடக்கத் திரை கண்ணை மூடிக்கொள்ளும். எடுத்தால் டிவி இருளும். சம்பந்தி சண்டை, இருவரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள்.

? சோனி தன் கையடக்கக் கருவியான பிஎஸ்பியைப் பின்பார்வைக் கண்ணாடி ஆக்கியதாமே? புரளியா?
— ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

மேடையிலேயே காட்டினார்கள். 2006 மே மாதம் ஈ3 கண்காட்சி. டிவியில் பிளேஸ்டேஷன் 3-இன் ஃபார்முலா ஒன் கார் பறக்கிறது, பக்கத்தில் பிஎஸ்பியில் பின்னால் வரும் கார்கள் தெரிகின்றன. அதே கண்காட்சியில்தான் பிஎஸ்3-க்கு 599 டாலர் வரை விலை அறிவித்தார்கள். பிஎஸ்பி அப்போது 199 டாலர்.

உங்கள் ஆட்டோவுக்குக் கண்ணாடி என்ன விலைக்கு மாட்டினீர்கள் என்று சோனிக்கு ஒரு கார்டு போடுங்கள்.

? என்னிடம் சோனியின் கையடக்கமான வீட்டா இருக்கிறது. பிஎஸ்4-க்கு கன்ட்ரோலர் ஆகுமா?

ஆகும். ஆனால் வீட்டாவில் எல்2, ஆர்2 பொத்தான்கள் கிடையாது. அந்த வேலையை முதுகில் உள்ள டச்பேடுக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதுகு அரித்துச் சொறிந்தால்கூடத் துப்பாக்கி வெடிக்கும்.

? 3டிஎஸ்ஸை வீ யூவுக்கு கன்ட்ரோலர் ஆக்கலாம் என்கிறான் என் நண்பன்.
— சந்தேகப் பிராணி, தூத்துக்குடி

2014-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் முடியும். அதற்கு அதே ஆட்டத்தின் 3டிஎஸ் பதிப்பையும் வாங்கியிருக்க வேண்டும். ஒரே படத்துக்கு இரண்டு டிக்கெட், உட்காருவது ஒரு சீட்.

? கைக்குக் கை செல்போன் இருக்கிறது. அதையே இரண்டாவது திரை ஆக்கினால் செலவே இல்லையே?
— சிக்கனசிகாமணி, காரைக்குடி

யோசிக்காமலா விட்டார்கள்? மைக்ரோசாஃப்ட் 2012-இல் ஸ்மார்ட்கிளாஸ், சோனி 2017-இல் பிளேலிங்க். இரண்டும் இப்போது நினைவு மண்டபத்தில். பார்ட்டி ஆட்டங்களில் ஜாக்பாக்ஸ் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. காரணம், அதில் நீங்கள் தட்டச்சு செய்யும் பொய்ப் பதில் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது. சீட்டு ஒளிக்கும் வேலை!

மற்றபடி செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் பார்க்காதே என்றால் எவன் கேட்பான்?

? 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல்?

எட்டு அங்குலத் திரை, வந்தபோது 199 டாலர், பிஎஸ்5 படத்தை வைஃபையில் வாங்கிக் காட்டும். இரண்டாவது திரை இல்லை, டிவிக்குப் பதிலி. ஓடிப்போகத் தெரியாத மாப்பிள்ளைக்குத் தனி ரூம்.

? இன்று இந்த கேம்க்யூப் வித்தையை நிஜமாகவே செய்து பார்க்க என்னென்ன வேண்டும்?
— பொறியியல் மாணவி, கோவை (மீண்டும்)

கேம்க்யூப் கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்து வந்த வீ கன்சோலின் ஆரம்பகால மாடல் போதும். மேல் மூடியைத் திறந்தால் கேம்க்யூபின் நான்கு ஓட்டையும் இருக்கும். பிற்கால வீயில் அடைத்துவிட்டார்கள், பார்த்து வாங்கு.

கேபிளின் மாடல் எண் டிஓஎல்-011. இரண்டு ஜிபிஏவை இணைக்கும் கேபிளை இதுதான் என்று தலையில் கட்டுவார்கள். மறுமுனை கன்ட்ரோலர் பிளக்காக இருக்கிறதா என்று பார். சாதா ஜிபிஏவும் எஸ்பியும் சரி. கேம் பாய் மைக்ரோவுக்கு முனை வேறு. ஜிபிஏவுக்கு அடுத்து வந்த டிஎஸ் ஜிபிஏ கார்ட்ரிட்ஜைத் தின்னும், ஆனால் கேபிள் மாட்ட ஓட்டையே கிடையாது.

? கேம்க்யூபைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரில் கேபிளே இல்லாமல் நான்கு ஜிபிஏவும் ஓடுகிறதே!
— கம்ப்யூட்டர்தான் எல்லாம், திருப்பூர்

2021 முதல் ஓடுகிறது, சந்தோஷம். நான்கு ஜிபிஏவும் ஒரே மானிட்டரில், நால்வரும் எதிரே. யார் சீட்டை யார் ஒளிப்பது? வெவ்வேறு கம்ப்யூட்டரில் நெட்பிளேயில் ஆடி, மற்றவர் ஜிபிஏவை மறைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பொய் சொல்ல முடியும்.

? இதெல்லாம் தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது?
— குரூப் 4 தேர்வர், பெரம்பலூர்

கேட்டாலும் கேட்பார்கள்: 'கேம்க்யூபில் கன்ட்ரோலர் ஓட்டைகள் எத்தனை?' விடை (இ) நான்கு. வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு டிஓஎல்-011.